புதுப்பிப்பு: அம்மாவின் சம்பளத்தில் பிடித்தம் நின்றுவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: அம்மா நகராட்சியில் நிரந்தரத் தூய்மைப் பணியாளர். ஊதிய உயர்வைத் தவறாகக் கணக்கிட்டுப் பல வருடம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். தணிக்கையில் ஆட்சேபணை வந்ததும், விளக்கம்கூடக் கேட்காமல் மாதாமாதம் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

கைகொடுத்தது ரபீக் மசீ வழக்கைக் காட்டச் சொன்ன யோசனைதான். 2014 டிசம்பர் 18 அன்று வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு அது. தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தை சி, டி என்ற கீழ்நிலைப் பிரிவு ஊழியர்களிடமும், ஓய்வு பெற்றவர்கள் அல்லது ஒரு வருடத்துக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களிடமும் பிடிக்கக் கூடாது. பிடிக்கச் சொல்லும் உத்தரவுக்கு முன் ஐந்து வருடத்துக்கும் மேலாகக் கொடுத்து வந்த தொகையையும் கேட்கக் கூடாது. அம்மா டி பிரிவு. தீர்ப்பு நகலோடு ஆணையருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பினோம். அடுத்த சம்பளத்திலேயே பிடித்தம் நின்றது, கோர்ட்டுக்குப் போகவே வேண்டியிருக்கவில்லை.

எதிர்பாராத விஷயம் ஒன்று: அலுவலகத்தில் முதலில் தேடியது, 'கூடுதல் தொகையைத் திருப்பித் தருகிறேன்' என்று அம்மா எழுதிக் கொடுத்த உறுதிமொழி பணிப்பதிவேட்டில் இருக்கிறதா என்றுதான். 2016 ஜகதேவ் சிங் வழக்கில் அப்படிக் கையெழுத்துப் போட்டவரிடம் வசூலிக்கலாம் என்று தீர்ப்பானது. அதில் சம்பந்தப்பட்டவர் ஒரு நீதிபதி, கடைநிலை ஊழியர் இல்லை. ஆனாலும் பதிவேட்டை முதலில் பார்த்துவிடுங்கள். நல்லவேளை, அம்மாவுடையதில் எதுவும் இல்லை.

அப்புறம், அடிப்படைச் சம்பளத்தைச் சரியான அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். தீர்ப்பு தடுப்பது வசூலைத்தான், திருத்தத்தை அல்ல. முன்பே பிடித்த பணம் இன்னும் வரவில்லை, அதற்குத் தனி மனு கொடுத்திருக்கிறோம்.