மூணாம் வகுப்புப் பையன், வாசிக்கத் திணறுகிறான்: யாரிடம் காட்டுவது?

பாளை அம்மா:
பையனுக்கு எட்டரை வயசு. வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான், நெல்லை எக்ஸ்பிரஸ் நிற்கும் ஸ்டேஷன் எல்லாம் வரிசையாக ஒப்பிப்பான். புத்தகத்தை எடுத்தால்தான் வயிற்றுவலி. போன வாரம் கொக்கு பாடத்தைச் சரளமாக வாசித்தான். சந்தேகம் வந்து படத்தைக் கையால் மறைத்து, நடுவில் ஒரு வரியைக் காட்டினேன். 'கொ' எழுத்தில் முன்னால் இருக்கும் கொம்பைப் பார்த்து "கெ" என்றான். பின்னால் நிற்கும் காலைத் தனி எழுத்தாக நினைத்து, அதில் விரலை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். இத்தனை நாளும் மனப்பாடம்தான் போல. டீச்சர் டியூஷன் போடச் சொல்கிறார். மாமியார், "அவங்க அப்பனும் இப்படித்தான் இருந்தான், இப்ப சம்பாதிக்கலையா" என்கிறார். கண் டாக்டரா, மனநல டாக்டரா, யாரிடம் போக?

செல்வி:
கவலைப்படாதீங்க அக்கா. அஞ்சாம் வகுப்பு வந்தா தானா படிச்சிருவான். என் நாத்தனார் மகனும் அப்படித்தான்.

மதுரை அப்பா:
செல்வி மேடம், கோபிக்காதீங்க. இந்த வார்த்தையை நம்பித்தான் நாங்க ரெண்டு வருஷத்தைத் தொலைச்சோம். டியூஷனில் அதே பாடத்தை இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லிக்கொடுத்தாங்க, அவ்வளவுதான். என் பொண்ணு அதையும் மனப்பாடம் பண்ணிட்டா.

சகோதரி, மாமியார் சொன்னதை ஒதுக்கிடாதீங்க. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததான்னு டாக்டரே கேட்பார். டிஸ்லெக்சியா, அதாவது புத்தி நல்லா இருந்தும் வாசிக்க, எழுதத் திணறுற கற்றல் குறைபாடு, பரம்பரையா வரக்கூடியது. எங்க வீட்டில் அந்த அப்பன் நான்தான். இன்னமும் ஃபாரம் நிரப்ப மனைவிகிட்ட கொடுத்துடுவேன்.

முதலில் கண், காது ரெண்டையும் பார்த்துடுங்க. அதில் குறையில்லைன்னு தெரிஞ்சா அடுத்து கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது சோதனை வெச்சுப் பார்க்கிற உளவியல் நிபுணர். உங்களுக்கு ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி பக்கம்தானே, குழந்தைகள் பிரிவில் விசாரிங்க. எங்களுக்கு ரெண்டு நாள் ஆச்சு: புத்திக்கூர்மைக்கு ஒரு சோதனை, அப்புறம் வாசிப்பு, எழுத்து, கணக்கு தனித்தனியா. முதல் சோதனையில் நல்லா வந்துட்டு வாசிப்பில் மட்டும் சறுக்கினா. அந்தத் தாளைப் பார்த்துட்டுத்தான் நான் அவளைத் திட்டுறதை நிறுத்தினேன்.

அதுக்கப்புறம் ஸ்பெஷல் எஜுகேட்டர், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னே சொல்லித்தர்ற சிறப்பாசிரியர். முதல் மாசம் பாடப்புத்தகத்தையே திறக்கலை, எனக்கு ஒரே எரிச்சல். மணல் தட்டில் விரலால் எழுதவெச்சாங்க, சொல்லை உடைச்சுக் கைதட்டவெச்சாங்க. உங்க பையன் மாட்டிக்கிட்ட அதே 'கொ'தான் எங்களுக்கும். கொம்பையும் காலையும் சிவப்பு பென்சிலில், நடுவில் இருக்கிற க-வை மட்டும் கறுப்பில் எழுதச் சொன்னாங்க. ரெண்டு சிவப்பும் சேர்ந்து ஒரே சத்தம்னு அவளுக்குப் பிடிபட மூணு வாரம் ஆச்சு.

சிறப்பாசிரியை:
ரெண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த மொழியில் வாசிப்புச் சோதனை வைப்பார்கள் என்று முன்பே கேளுங்கள். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத் தாளை நீட்டினால் அதில் என்ன தெரியும்? சொல்லித்தருபவர் எங்கே பயிற்சி எடுத்தவர் என்றும் கேளுங்கள், தி.நகரில் உள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்கென்றே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிறது. அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் சேர்ந்துவிட்டது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று சலுகைகள் கேட்க முறையான சான்றிதழ் வேண்டும். "பையனுக்கு முத்திரை குத்திருவாங்க" என்று பயந்து எட்டாவது வரை இழுத்தடித்துவிட்டு வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம்.

பாளை அம்மா:
எல்லாருக்கும் நன்றி. கண், காது பார்க்க வியாழக்கிழமை போகிறோம். நேற்று ராத்திரி சிவப்பு பென்சிலில் எழுதிக் காட்டினேன் அண்ணா. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஒரே சத்தம்னா எதுக்கும்மா ரெண்டு பக்கமும் பிரிச்சு வச்சாங்க?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை.