கொரியக் கோவில் சாப்பாடு: உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். தென்கொரியாவில் ஒரு மலைக்கோவிலில் ராத்தங்கல். 2002 உலகக் கோப்பைக் கால்பந்து சமயத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்காகத் தொடங்கிய 'டெம்பிள்ஸ்டே' ஏற்பாடுதான். பல கோவில்களில் தட்டை ஏந்தி வரிசையில் நிற்க வேண்டியதுதான், பிக்குகளின் முறைப்படி சாப்பிடும் 'பருகோங்யாங்' உண்டா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

ஆளுக்கு நான்கு கிண்ணம், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். சோறு, சூப்பு, காய், தண்ணீர். மூங்கில் கட்டை தட்டினால்தான் அடுத்த வேலை. பேச்சு கிடையாது. கிண்ணத்தைத் தூக்கி வாய் தெரியாமல் மறைத்துக்கொண்டு மெல்லணும், குச்சி கிண்ணத்தில் இடிக்கக் கூடாது. கடைசிவரை ஒரு கிம்ச்சித் துண்டை (காரம் போட்டுப் புளிக்கவைத்த காய்) எடுத்து வைத்திருந்து, வெந்நீர் ஊற்றி அந்தத் துண்டாலேயே கிண்ணத்தின் உள்சுவரைச் சுற்றித் துடைத்து, துண்டையும் தின்று அந்த நீரையும் குடித்துவிட வேண்டும். அப்புறம் நல்ல தண்ணீரில் ஒரு அலசல். அந்தத் தண்ணீரைப் பொதுவான வாளியில் சேர்க்கும்போது ஒரு மிளகாய்த்தூள் கூட மிதக்கக் கூடாது, ஏனென்றால் அது பசிப்பேய்களுக்கான பங்கு, அதுகளுக்குத் தொண்டை ஊசித்துளை அளவுதானாம். மெல்லிசை போட்டு விளக்கைக் குறைத்தால் அமைதி வந்துவிடும் என்று நினைக்கும் உணவகக்காரர்கள் இதைப் பார்க்கணும். இங்கே ஆளாளுக்குக் கைவேலை இருக்கிறது, பேச நேரமேது!

மறுமொழி 1:
கோவிலில் சரி. வெளியே பன்றிக்கறி சுடும் கடைக்குப் போய் அமைதியைத் தேடாதீர்கள், காது கிழியும். ஜொன்ஜு நகரில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் 'ஹன்ஜொங்சிக்' என்கிற பல பதார்த்த முழுச் சாப்பாடு சாப்பிட்டேன், அது வேறு மாதிரி. தரைக்கு அடியில் சூடு, பாய்போல மெத்தை, மேசை கொள்ளாமல் சின்னச் சின்னப் பித்தளைக் கிண்ணங்கள். கூட வந்த பெரியவர் கரண்டியை எடுக்கும்வரை யாரும் கை வைக்கவில்லை. கோவிலுக்கு நேர்மாறாக இங்கே சோற்றுக் கிண்ணத்தைத் தூக்கக் கூடாது, கீழேயே வைத்துக் கரண்டியால் சாப்பிடணும். முட்டி வலிக்காரர்கள் நாற்காலி இருக்கிற கடையாகப் பார்த்துப் போங்கள்.

மறுமொழி 2:
சைவக்காரர்கள் கவனிக்க. கடைக் கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பில் ஊறிய இறாலோ மீன் சாறோ இருக்கும், 'காய்தானே' என்று நம்பிவிடாதீர்கள். கோவில் சமையலில் அது கிடையாது. பூண்டு, வெங்காயத்தாள் வகையறாவும் கிடையாது. பிக்குகள் விலக்கிய காட்டமான ஐந்து பொருட்களில் நம்ம பெருங்காயமும் ஒன்று, கொரியச் சமையலில் அதற்கு வேலையே இல்லை என்றாலும் பழைய பட்டியலில் அப்படியே இருக்கிறது. தங்க நேரமில்லாதவர்களுக்கு சியோலில் ஜோக்யெசா கோவிலுக்கு எதிரே கோவில் உணவு தரும் இடம் உண்டு. அங்கே பேசலாம், ஆனால் யாரும் சத்தம் போடுவதில்லை. முன்பதிவு செய்துவிட்டே போங்கள்.

மறுமொழி 3:
அந்தக் கிம்ச்சித் துண்டு சமாசாரம் வயிற்றைப் புரட்டுமே என்று பயந்துகொண்டுதான் போனேன். வறுபட்ட அடிச்சோற்றில் ஊற்றிய வெந்நீர் அது, நீராகாரம் குடித்து வளர்ந்த ஆளுக்கு ஒன்றுமே தெரியவில்லை, இன்னொரு கிண்ணம் கேட்டிருப்பேன், வாயைத்தான் திறக்கக் கூடாதே.