பத்தாவதோடு நின்ற பையன்களை ஐ.டி.ஐ.யில் சேர்ப்பதா, மேஸ்திரியிடம் விடுவதா?

கௌண்டன்யா:
குடியாத்தம் பக்கம் எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் சேர்ந்து கொஞ்சம் பணம் திரட்டியிருக்கிறோம். படிப்பு நின்றுபோன பையன்கள் எட்டு பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் அம்மா பீடி சுற்றிக் காப்பாற்றும் வீடுகள். இரண்டு பேர் பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்த் திரும்பியவர்கள். கட்டட வேலையில் ஏதாவது ஒரு தொழிலை உருப்படியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அரசு ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாமா, தெரிந்த மேஸ்திரியிடம் விடலாமா? எங்களுக்குள்ளேயே சண்டை. அதான் இங்கே கேட்கிறேன்.

சத்துவாச்சாரி சிவில்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஐ.டி.ஐ.தான். பயிற்சிக் கட்டணம் கிடையாது. சீருடை, ஷூ, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் அரசு தருகிறது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பையன் தகுதி பெற்றால் அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. பத்தாவது பெயில் என்றாலும் எட்டாவது தேர்ச்சியை வைத்து ஒயர்மேன், வெல்டர் எடுக்கலாம்.

கரணை:
சிவில் சார் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறார் என்று தெரிகிறது. நான் காட்பாடியில் வீடு கட்டித் தரும் மேஸ்திரி. அந்த 1,750 ரூபாயை ஒரு பையன் மூன்று நாள் சித்தாள் வேலையில் சம்பாதித்துவிடுவான். வீட்டில் சனிக்கிழமை கூலியை எதிர்பார்த்து இருக்கும்போது ஒரு வருஷம், இரண்டு வருஷம் வகுப்பில் எப்படி உட்காருவான்? அப்புறம் வேலை. சான்றிதழோடு என்னிடம் ஒரு தம்பி வந்தான். தூணுக்கு 40 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பிக்கு வெளியே அவ்வளவு கான்கிரீட், விட வேண்டும் என்று நோட்டில் அழகாக எழுதி வைத்திருந்தான். சைட்டில் பார்த்தால் அந்த இடைவெளிக்கான கவர் பிளாக் கட்டையைக் கட்டாமல் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே ஜல்லியைச் செருகிக்கொண்டிருக்கிறான்.

சத்துவாச்சாரி சிவில்:
ஜல்லியைச் செருகும் வித்தையை ஐ.டி.ஐ.யில் சொல்லித்தருவதில்லை மேஸ்திரி. அது சைட்டில் கற்றது. ஜல்லி நகர்ந்து கம்பி பலகையை ஒட்டிவிட்டால், கொஞ்ச வருஷத்தில் ஈரம் இறங்கி, கம்பி துருப்பிடித்து, ஊதி, தூண் பக்கம் பக்கமாக உதிரும். அப்போது வீட்டுக்காரர் சிமென்ட் கம்பெனியைத் திட்டுவார்.

கரணை:
சரி, அந்த அடியை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ரசமட்டம் வைத்துப் பூச்சு இழுக்கும் கை எந்த வகுப்பிலும் வராது. மட்டப்பலகையை இழுக்கும்போது கலவை இன்னும் இளகலா இருக்கிறதா, இறுகிவிட்டதா என்று கைதான் சொல்லும். உள்ளூர்ப் பையன் வருவதில்லை என்றுதானே எல்லா காண்ட்ராக்டரும் வடமாநில ஆட்களை இறக்குகிறார்கள்?

அணைக்கட்டு டீச்சர்:
அவர்கள் சைட்டிலேயே தகரக் கொட்டகையில் தங்குகிறார்கள், விடிந்ததும் தொடங்கி இருட்டும்வரை வேலை செய்கிறார்கள், ஒரே ஏஜெண்ட் மொத்தமாக ஆள் கொடுக்கிறார். காண்ட்ராக்டருக்கு அதுதான் வசதி. உள்ளூர்ப் பையன் சோம்பேறி என்ற பேச்சை விடுங்கள்.

மேஸ்திரி அண்ணனிடம் ஒரு கேள்வி. உங்களிடம் சித்தாளாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கையில் கரணை, அந்தப் பூச்சுக் கரண்டியை, கொடுத்திருக்கிறீர்கள்? அதில் உங்கள் சொந்தக்காரர்கள் எத்தனை பேர், காலனிப் பையன்கள் எத்தனை பேர்? என்னிடம் படித்த ஒருவன் பள்ளியை விட்டதிலிருந்து கலவைச் சட்டிதான் தூக்குகிறான். கல் வைக்கக் கூப்பிட்டால் "நீ மண்ணு அள்ளு" என்கிறார்களாம். பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தலை நரைத்த பிறகும் சித்தாள்தான். கௌண்டன்யா, உங்கள் பட்டியலில் பெண் பிள்ளைகளே இல்லையே, ஏன்?

கௌண்டன்யா:
உண்மைதான் டீச்சர், யாரும் கேட்டு வரவில்லை. நாங்களும் போய்க் கேட்கவில்லை.

மலையடிவாரம்:
நான் ஜவ்வாதுமலைப் பக்கம். 2015 ஏப்ரல் 7 அன்று செம்மரம் வெட்ட வந்தார்கள் என்று சொல்லி சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்களே, அதில் எங்கள் மலைப் பகுதி ஆட்களும் உண்டு. கையில் தொழில் இல்லாதவனைத்தான் செம்மர ஏஜெண்ட் வந்து முன்பணம் கொடுத்துக் கூப்பிடுகிறான். எனவே பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பஸ் பாஸ் கொடுத்தால் போதாது, வகுப்பு தொடங்கும் நேரத்துக்கு மலையிலிருந்து வந்து சேர பஸ் வேண்டும். விடுதி இடம் உறுதியான பிறகு அட்மிஷன் போடுங்கள். இல்லாவிட்டால் தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்ப மாட்டான்.

டெஸ்டர்:
நான் ஒயரிங் ஆள், வேலையிலேயே கற்றவன். மேஸ்திரி சொல்வது எனக்குப் புரிகிறது, ஆனால் எங்கள் தொழிலில் காகிதம் வேண்டும். ஐ.டி.ஐ. போகாதவன் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுத 21 வயது முடிந்திருக்க வேண்டும், 5 வருஷ வேலை அனுபவமும் காட்ட வேண்டும். பதினாறு வயசுப் பையன் அதுவரை யாருக்காவது சுவர் கொத்திக் கொடுத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பூச்சு, கல் கட்டு, டைல்ஸ் ஆசைப்படுபவனை மேஸ்திரியிடம் விடுங்கள். ஒயரிங், வெல்டிங் பையன்களை ஐ.டி.ஐ.க்கு அனுப்புங்கள்.

சத்துவாச்சாரி சிவில்:
வயதைப் பார்க்காமல் மேஸ்திரியிடம் விட முடியாது டெஸ்டர். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிய 18 முடிந்திருக்க வேண்டும். அதற்குள் சாரத்திலிருந்து விழுந்தால் வாரியத்தில் பதிந்தவனுக்குக் கிடைக்கும் உதவிகள் அவனுக்குக் கிடைக்காது. அப்புறம் அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது, கௌண்டன்யாவா?

கௌண்டன்யா:
எட்டில் ஐந்து பேருக்கு 18 ஆகவில்லை. அப்படியென்றால் ஒன்று செய்யலாமா? கட்டணம்தான் இல்லையே. திரட்டிய பணத்தை அந்த ஐந்து வீடுகளுக்கும் மாதாமாதம் கொடுத்தால், பையன் கூலி வராத குறை கொஞ்சம் தீரும். வகுப்புக்குப் போனால்தான் பணம்.

அணைக்கட்டு டீச்சர்:
பணத்தை அம்மா கணக்கில் போடுங்கள். அப்பாக்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

கரணை:
இது நியாயமான பேச்சு. மீதி மூன்று பேரை என்னிடம் அனுப்புங்கள். முதல் நாளிலிருந்து சித்தாள் கூலி கொடுத்துவிடுகிறேன். வாரியத்தில் பதிவு செய்த பிறகு சாரம் ஏற்றுகிறேன், அதுவரை கீழேதான். கரணை, தூக்குக்குண்டு, மட்டப்பலகை மட்டும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள். சொந்தச் சாமான் இருந்தால் பையன் ஓடமாட்டான்.

அணைக்கட்டு டீச்சர்:
சாமான் வாங்கிக் கொடுத்து அது உங்கள் ஷெட்டில் சும்மா கிடக்கவா? எத்தனையாவது மாதம் கல் வைக்க விடுவீர்கள், எப்போது பூச்சு என்று எழுதிக் கொடுங்கள்.

கரணை:
எழுதிக் கொடுத்தெல்லாம் வேலை கற்றுத்தர முடியாது டீச்சர். ஒருத்தனுக்கு ஆறு மாதத்தில் கை வரும், ஒருத்தனுக்கு இரண்டு வருஷம் ஆகும்.

அணைக்கட்டு டீச்சர்:
கை வருமா வராதா என்று கரணையைக் கொடுத்தால்தானே தெரியும். தேதி போட்டு எழுதித் தராதவரை இவரிடம் அனுப்ப வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன், கௌண்டன்யா.

கௌண்டன்யா:
ஞாயிற்றுக்கிழமை பையன்களையும் அம்மாக்களையும் வைத்துப் பேசுகிறோம். மேஸ்திரி அண்ணே, நீங்களும் வந்துவிடுங்கள். டீச்சர், நீங்கள் அவசியம் வர வேண்டும். அதற்குள் இரண்டு பெண் பிள்ளைகளையாவது கேட்டுப் பார்க்கிறேன்.