பாதி ஜாடி ஆர்டிசோக் ஸ்ப்ரெட், சமையலில் எப்படிச் சேர்ப்பது?

ஆர்டிசோக் என்கிற பூமொட்டுக் காயை அரைத்த விழுது இது; 190 கிராம் ஜாடி, திறந்து ஃபிரிட்ஜில் இருக்கிறது. லேபிளில் ஆர்டிசோக், சூரியகாந்தி எண்ணெய், பூண்டு, உப்பு, சிட்ரிக் அமிலம்; சீஸ் கிடையாது. திறந்தபின் சீக்கிரம் தீர்க்க வேண்டுமாம்.

ரொட்டியில் தடவித் தின்று அலுத்துவிட்டது. பாஸ்தாவோடு அடுப்பில் வைத்து வதக்கினேன்: எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நின்றது, விழுது திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டது, புளிப்பு மட்டும் தூக்கலாகத் தெரிந்தது. தயிரில் கலந்தால் கேட்கவே வேண்டாம், இன்னும் புளிப்பு. ஆம்லெட்டுக்குள் வைத்தது தேவலை, முட்டை கொஞ்சம் அடக்கிவிடுகிறது. (சாப்பிட்டதும் தண்ணீர் இனிக்கிறது, அது ஆர்டிசோக்கில் உள்ள சைனரின் என்ற பொருள் செய்கிற வேலை, கெட்டுப்போகவில்லை.)

சூடான சமையலில் எண்ணெய் பிரியாமல், புளிப்பு தூக்காமல் இருக்க, இதை எந்தக் கட்டத்தில், எதோடு சேர்க்கிறீர்கள்?