புதுப்பிப்பு: நன்னீர் குளிர்விப்புக்கு மாற்றிய படகு எஞ்சினில் சூடு ஏறுவது நின்றது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கடல்நீரில் நேரடியாகக் குளிர்ந்த எஞ்சினுக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் (எஞ்சின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் கருவி) வைத்து, உள்ளே கூலன்ட் (நன்னீர் கலந்த குளிர்விப்புத் திரவம்) ஓட்டியதும், வேகம் கூட்டினால் சூடு ஏறுகிறதே என்று கேட்டிருந்தேன். பம்பை மாற்றச் சொன்னவர்கள்தான் அதிகம். அதற்குத் தேவையே வரவில்லை. உள்ளே காற்று அடைத்திருக்கும் என்று ஒருவர் சொன்னதுதான் சரி. கூலன்ட் தொட்டியை எஞ்சினின் உச்சிக்கு மேலே தூக்கி வைத்து, தெர்மோஸ்டாட் (குறிப்பிட்ட சூட்டில் திறந்து கூலன்ட்டை ஓடவிடும் வால்வு) மூடியின் திருகைத் தளர்த்திக் காற்றை விட்டேன். கடல்நீர் ஓடியபோது உப்பு படியாமலிருக்கப் போட்ட பழைய 60 டிகிரி தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் இப்போது 80 டிகிரி. சூடு காட்டும் முள் அங்கேயே நிற்கிறது.

எதிர்பாராதது: எஞ்சின் பிளாக்கின் உள்ளே இருந்த பழைய துரு கிளம்பி, கூலன்ட் பழுப்பாகிவிட்டது. வடித்து, அலசி, மறுபடி நிரப்பினேன். அப்புறம், எக்ஸ்சேஞ்சரின் மறுபக்கம் இன்னும் கடல்நீர்தான்; மற்ற உலோகத்துக்குப் பதில் தான் அரிபடும் துத்தநாகக் கட்டியை அவ்வப்போது பார்க்க வேண்டும்.