"தலைக்கு மேல் வெள்ளம்" மக்பெத்துக்குப் பொருந்துமா?

கேட்டவர்: பேரேடு

மகள் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரி விழாவுக்காக ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தின் விருந்துக் காட்சியைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறாள். மக்பெத் ஆள் வைத்துக் கொன்ற நண்பன் பாங்கோவின் ஆவி நாற்காலியில் உட்கார்ந்து, விருந்து குலைந்து, எல்லாரும் போனபின் மக்பெத் மனைவியிடம் சொல்கிறான்: இரத்தத்தில் இவ்வளவு தூரம் நடந்துவிட்டேன், இனி மேலே போகாமல் நின்றாலும், திரும்பி வருவது அக்கரைக்குப் போவதைப் போலவே அலுப்பானது. அந்த இடத்தில் அவள் "தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன" என்று போட்டுவிட்டாள். கைதட்டல் நிச்சயம்.

எனக்குத்தான் உறுத்துகிறது. பழமொழிக்காரன் மூழ்கிவிட்டவன், அவனுக்கு வேறு வழி இல்லை. மக்பெத்தின் தலை தண்ணீருக்கு மேலேதான் இருக்கிறது, கரையும் தெரிகிறது. திரும்ப முடியாது என்று அவன் சொல்லவே இல்லை. அலுப்பு என்கிறான்! முப்பத்தோரு வருடம் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் நான். பொய்க்கணக்கைப் பயந்துபோய்த் தொடர்ந்தவர்களைவிட, திருத்தச் சோம்பித் தொடர்ந்தவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

மகளோ, "பட்டத்துக்காக அரசன் டங்கனைக் கொன்றபோதே அவன் கதை முடிந்துவிட்டது அப்பா, இது வெறும் புலம்பல்" என்கிறாள். அவன் கெட்டது எந்த இடத்தில்? உங்கள் கருத்து என்ன?

ஒப்பனைப்பெட்டி

உங்கள் மகளின் கட்சியில் நான் இல்லை. கல்லூரியில் மக்பெத்தாக நடித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

குங்குமத்தை விளக்கெண்ணெயில் குழைத்து இரண்டு கைகளிலும் பூசிவிடுவார்கள். இரண்டு மரக்கத்திகள். டங்கனைக் கொன்றதும் அவற்றை, பழி விழ வேண்டிய காவலர்களின் பக்கத்திலேயே போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். இவன் கையோடு எடுத்து வந்துவிடுகிறான், மனைவி கேட்டபின்தான் அது உறைக்கிறது. திரும்பக் கொண்டுபோய் வை என்றால் மாட்டேன் என்கிறான். 'ஆமென்' என்ற சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று சின்னப் பிள்ளைபோல முறையிடுகிறான். விரல் இடுக்கெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, கத்தி பிடியில் நிற்காமல் வழுக்கும். அந்தக் காட்சியில் நான் நடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பாங்கோவின் கொலைக்கு வருவோம். அதற்கு ஆள் ஏவுகிறான். ஏவப்பட்டவன் விருந்துக்கூட வாசலில் வந்து நிற்க, "உன் முகத்தில் இரத்தம்" என்கிறான் இவன். அடுத்தவன் முகத்தில்! ஆவியைப் பார்த்ததும், "நான் செய்தேன் என்று நீ சொல்ல முடியாது" என்கிறான். பிறகு, அவனை எதிர்த்து ஓடிப்போன பிரபு மக்டஃபின் மனைவியும் குழந்தைகளும். அவர்கள் அவனுக்கு என்ன இடைஞ்சல் செய்தார்கள்? சில வரிகளில் முடிவெடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறான். அந்தச் சில வரிகளைச் சொல்லத்தான் நான் திணறினேன். கையில் கத்தியும் இல்லை, பிசுக்கும் இல்லை.

ஏட்டுச்சுரைக்காய்

மேலே எழுதியவரின் கை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தீர்ப்பு தவறு.

கொல்வது மக்பெத்தின் தொழில். நாடகத்தின் இரண்டாவது காட்சியிலேயே ஒரு கலகக்காரனைத் தொப்புளிலிருந்து தாடைவரை கிழித்தான் என்ற செய்தி வருகிறது, டங்கன் பூரித்துப்போகிறான். ஆகவே இரத்தத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலிலிருந்து. அதில் டங்கன் ஆளத் தெரியாத சாது, பாங்கோ சதிக்கு உடந்தை, மக்பெத் பத்து வருடம் நன்றாகவே ஆள்கிறான். வரலாற்றில் வாழ்ந்த மக்பெத் 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தின் அரசன், டங்கன் இறந்தது படுக்கையில் அல்ல, சண்டையில். மக்பெத்துக்குச் சாக்காக இருந்ததையெல்லாம் ஷேக்ஸ்பியர் பிடுங்கிவிட்டார். டங்கனை நல்லவனாக்கினார், பத்து வருட நல்லாட்சியைத் தூக்கிப்போட்டார், பாங்கோவைச் சதியிலிருந்து விடுவித்தார். (1603இல் இங்கிலாந்துப் பட்டத்துக்கு வந்த ஜேம்ஸ், பாங்கோவின் வழிவந்தவராகக் கருதப்பட்டவர். அரசரின் மூதாதையைக் கொலைகாரனாக மேடையேற்ற யாருக்குத் துணிவு வரும்?)

கொலைக்கு முன் மக்பெத் தானே எண்ணிப் பார்க்கிறான்: நான் உறவினன், குடிமகன், விருந்தளிப்பவன், கொலைகாரன் வராமல் கதவை அடைக்க வேண்டியவன், நானே கத்தி எடுப்பதா? தன்னை உந்துவது துள்ளிக் குதிக்கும் பேராசை ஒன்றுதான் என்று வாய்விட்டே சொல்கிறான். இத்தனையும் தெரிந்துதான் உள்ளே போனான். உங்கள் மகள் சொன்னதே சரி. அசல் டங்கனின் அறையில், மற்றதெல்லாம் வட்டி.

பேரேடு

வட்டி அசலைத் தின்ற கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன், ஐயா. விடுங்கள்.

கையைப் பற்றிய பதிலை மகளுக்குப் படித்துக் காட்டினேன். பழமொழியை அடித்துவிட்டாள். இப்போதைக்கு வரி இது: "இரத்தத்தில் பாதி தூரம் நடந்தாயிற்று. திரும்புவதும் அலுப்பு, கடப்பதும் அலுப்பு." மேடையில் சிரித்துவிடுவார்களாம். சிரிக்கட்டும் என்றேன்.

ஒப்பனைப்பெட்டிக்கு ஒரு கேள்வி. நீ அரசனாவாய் என்று சூனியக்காரிகள் சொன்னதை அன்றைக்கு மனைவிக்குக் கடிதமாக எழுதியவன், பாங்கோவைக் கொல்ல ஆள் ஏவியதை அவளிடம் மறைக்கிறான். மறைக்கும்போது கோழிக்குஞ்சே என்று கொஞ்சுகிறான். மகள் "என் கண்ணே" என்று எழுதியிருக்கிறாள். எனக்குப் பாட்டுப்போல இருக்கிறது.

ஒப்பனைப்பெட்டி

"இதெல்லாம் உனக்கெதற்கு, கண்ணு?" போதும். அவள் முகத்தைப் பார்க்காமல், மேலங்கியின் கொக்கியை மாட்டிக்கொண்டே சொல்லச் சொல்லுங்கள்.