உதவி: 1/ந^1+1/ந தொடர் குவியுமா? விகிதச் சோதனையில் 1 வருகிறது, அவசரம்

கடைசிபெஞ்ச் (இரவு 8.40)
காலையில் காரைக்குடியில் டெஸ்ட். 1/ந^1+1/ந என்ற தொடர் குவியுமா (கூட்டிக்கொண்டே போனால் ஓர் எண்ணை நெருங்கி நிலைக்குமா) விரியுமா என்று கண்டுபிடிக்க வேண்டும். விகிதச் சோதனை போட்டேன், 1 வந்தது. மூலச் சோதனையிலும் 1. அடுக்கு ஒன்றைவிடப் பெரியது, அதனால் குவியும் என்கிறாள் என் தோழி. விடைப் பக்கத்தில் வேறு மாதிரி போட்டிருக்கிறது. போனில் தமிழ் கீபோர்டு மட்டும்தான், அதனால் ந என்று போட்டிருக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

செக்காலைவாசி (8.46)
அடைப்புக்குறியே இல்லாமல் எழுதினால் எப்படிச் சொல்வது? அடுக்கு வெறும் 1 மட்டுமா, 1+1/ந முழுவதுமா? முதலாவது என்றால் அது சும்மா 2/ந. இல்லை, பகுதியே ந+1/ந என்றால் ந/(ந²+1). ந எங்கிருந்து தொடங்குகிறது? எந்த வகுப்பு, எந்தச் சோதனை வரை நடத்தியிருக்கிறார்கள்? "வேறு மாதிரி" என்றால் எந்த மாதிரி?

கானாடுகாத்தான்_கணினி (8.51)
அடுக்கு முழுவதும் என்றே வைத்துக்கொண்டு எக்செல்லில் ஓட்டிவிட்டேன், பத்தாயிரம் வரிசை. கடைசி ஆயிரம் வரிசையில் மொத்தமே 0.1 அளவுதான் கூடியிருக்கிறது. போகப்போக நின்றுவிடும் போலிருக்கிறது. என் ஓட்டு குவியும் என்பதற்கு.

ராபே_ரசிகன் (8.55)
விகிதச் சோதனை 1 என்று கைவிரித்தால் அடுத்தது ராபே. யோசிக்கவே வேண்டாம், ராபே போடுங்கள், வந்துவிடும்.

எப்சிலான் (9.02)
மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வருகிறது, தேடிப் பார்க்கும் வழக்கம் மட்டும் யாருக்கும் வரவில்லை. பி-தொடர் விதி (1/ந^பி தொடரில் பி ஒன்றைவிடப் பெரியதானால் குவியும் என்பது) நிலையான அடுக்குக்கு மட்டும். அடுக்கே ந-ஐப் பொறுத்து மாறும்போது "ஒன்றைவிடப் பெரியது, ஆகவே குவியும்" என்று எழுதினால் சுழிதான் கிடைக்கும். இது தெரியாமல் பகுப்பாய்வுத் தாள் எழுத எதற்கு உட்கார வேண்டும்?
எக்செல்காரருக்கு: 1+1/2+1/3 என்று போகும் ஹார்மோனிக் தொடரைப் பத்து லட்சம் உறுப்பு கூட்டினாலும் 14.39தான் வரும். 100-ஐத் தாண்ட 1.5×10^43 உறுப்பு வேண்டும். எக்செல்லில் மொத்தமே 10,48,576 வரிசைதான். ஆனாலும் அந்தத் தொடர் விரிகிறது. ஓட்டுப் போட்டு முடிவு செய்ய இது பஞ்சாயத்துத் தேர்தல் இல்லை.
ராபே போட்டாலும் 1தான் வரும். போட்டுப் பார்த்துவிட்டுப் பேசவும்.

ராபே_ரசிகன் (9.08)
போட்டேன். 1தான். சரி, அதற்கு மேல் காஸ் சோதனை இருக்கிறதே. ஓர் உறுப்பை அடுத்த உறுப்பால் வகுத்தால் 1+1/ந+மிச்சம் என்று வருகிறது, அந்த மிச்சம் (மடக்கை ந)/ந² அளவுக்குத்தான். 1/ந-க்கு முன்னால் இருக்கும் கெழு 1-ஐத் தாண்டவில்லை, ஆகவே விரியும். ராபே குடும்பம்தானே எல்லாம்.

ஆத்தங்குடி_டீச்சர் (9.13)
டெஸ்டுக்கு முந்தின ராத்திரி பிள்ளையை ஏன் இப்படி விரட்டுகிறீர்கள்? காஸ் எல்லாம் வேண்டியதே இல்லை. ந எப்போதும் 2^ந-ஐவிடச் சிறியது, அது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு பக்கமும் ந-ஆம் மூலம் எடுங்கள்: ந^(1/ந) என்பது 2-ஐவிடச் சிறியது. இப்போது பகுதியைப் பிரித்தால் ந × ந^(1/ந), அது 2ந-ஐவிடச் சிறியது. ஆக ஒவ்வோர் உறுப்பும் 1/(2ந)-ஐவிடப் பெரியது. ஹார்மோனிக் தொடரில் பாதி, அதுவே விரியும்போது இதுவும் விரியத்தான் வேண்டும். மூன்று வரி.
அந்தத் தோழிக்கு: ந^(1/ந) எப்படி நடந்துகொள்கிறது என்று கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 2-க்கு 1.414, 3-க்கு 1.442, அதுதான் உச்சம். பிறகு இறக்கம்தான். 100-க்கு 1.047, 1000-க்கு 1.007. அடுக்கில் கூடுதலாக ஏற்றிய 1/ந பெரிய எண்களிடம் போகும்போது ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது.

பெட்டியடி (9.22)
நான் கணக்குப் படித்தவன் இல்லை, கணக்கு எழுதினவன். எங்கள் ஐயா ரங்கூன் முகல் தெருவில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து கணக்குப்பிள்ளை ஆனவர். முந்திரி என்றால் 320-இல் ஒன்று. அதற்கும் கீழே போன சில்லறையைப் பேரேட்டில் யார் ஏற்றுவார்கள்? உறுப்பு சின்னதாகிக்கொண்டே போகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்புறம் ஓர் இடத்தில் நின்றுதானே ஆக வேண்டும்?

எப்சிலான் (9.25)
உறுப்பு சுழியை நெருங்குவது தேவையான நிபந்தனை, போதுமான நிபந்தனை அல்ல. முதல் பாடம், முதல் பக்கம்.

ஆத்தங்குடி_டீச்சர் (9.31)
ஐயா, உங்கள் முந்திரியை வைத்தே பார்ப்போம். 1/321-இலிருந்து 1/640 வரை 320 உறுப்பு. எல்லாமே முந்திரியைவிடச் சின்னது, உங்கள் பேரேட்டில் ஒன்றுகூட ஏறாது. ஆனால் ஒன்றுகூட 1/640-க்குக் குறையவில்லை பாருங்கள், அப்படியென்றால் 320-ஐயும் கூட்டினால் அரைக்குக் குறையாது. அடுத்து 1/641 முதல் 1/1280 வரை 640 உறுப்பு, அங்கே இன்னோர் அரை. அதற்கடுத்த கட்டில் இன்னோர் அரை. தள்ளிய சில்லறையிலிருந்தே அரை அரையாக வந்துகொண்டிருக்கும், நிற்கவே நிற்காது. 14-ஆம் நூற்றாண்டில் ஒரேம் என்ற பிரெஞ்சுக்காரர் ஹார்மோனிக் தொடருக்குச் செய்தது இதேதான், அவர் 1/3-இலிருந்து தொடங்கினார், நான் 1/321-இலிருந்து.

பெட்டியடி (9.40)
அடேயப்பா. அப்படியானால் சில்லறையைத் தள்ளினவன் கடை திவால்தான். ஆனாலும் டீச்சரம்மா, கடையில் வரவுக்கு ஒரு முடிவு உண்டு. ஆடிட்டர் வருவதற்குள் பேரேட்டை மூடியாக வேண்டும்.

செக்காலைவாசி (9.44)
தள்ளிவிடுவோம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முந்திரியில் முந்திரி கீழ்முந்திரி, அதாவது 1,02,400-இல் ஒன்று. தூக்கிப் போடுகிற சில்லறைக்கு யாராவது பெயர் வைப்பார்களா?

பெட்டியடி (9.49)
பெயர் வாய்ப்பாட்டுக்குத் தம்பி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கவில்லை என்றால் வாத்தியார் தொடையைத் திருகுவார், அதற்காகப் படித்தது. வட்டிச் சிட்டையில் கீழ்முந்திரி எழுதி எவரும் பார்த்ததில்லை.

செக்காலைவாசி (9.53)
நீங்கள் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். பெரிய முதலுக்கு வட்டி போடும்போது வீதத்தில் கீழ்முந்திரி விட்டால் தொகையில் எவ்வளவு விடும் என்று பெருக்கிப் பார்த்தீர்களா? லட்ச ரூபாய்க்கு ஒரு ரூபாய் கிட்ட வரும். அந்தக் காலத்து ஒரு ரூபாய்.

எப்சிலான் (9.58)
இது பகுப்பாய்வு இழையா, பழங்கணக்குக் கண்காட்சியா? கேள்வி கேட்டவரையே ஒரு மணி நேரமாகக் காணோம்.

கானாடுகாத்தான்_கணினி (10.04)
செக்காலைவாசி எழுதிய மூன்று அர்த்தத்தையும் பார்த்தேன். 2/ந விரியும், ந/(ந²+1) விரியும், டீச்சர் போட்டதும் விரியும். அடைப்புக்குறி எங்கே போட்டாலும் ஒரே விடை. என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன்.

கடைசிபெஞ்ச் (10.36)
சாப்பிடப் போயிருந்தேன். அடுக்கு 1+1/ந முழுவதும்தான், ந=1-இலிருந்து. இரண்டாம் வருடம் பி.எஸ்சி. முன்னால் (−1)^ந இருக்கிறது, பாடமே மாறுகுறித் தொடர்தான் என்பதால் தனியாகப் போடவில்லை. விடைப் பக்கத்தில் "நிபந்தனையுடன் குவியும்" என்று இருக்கிறது.

செக்காலைவாசி (10.38)
முருகா.

ராபே_ரசிகன் (10.39)
இரண்டு மணி நேரம்! குறி மாறுகிறது என்று முதல் வரியில் சொல்லியிருந்தால் நான் காஸ் வரைக்கும் போயிருப்பேனா?

ஆத்தங்குடி_டீச்சர் (10.47)
பரவாயில்லை, மேலே போட்டது பாதி விடை. குறியை எடுத்துவிட்டால் விரிகிறது, ஆகவே தனிக்குவிவு இல்லை. அதை அப்படியே எழுதிவிடு. மீதிப் பாதிக்கு லீப்னிஸ் சோதனை: குறி நீங்கிய உறுப்பு குறைந்துகொண்டே வர வேண்டும், சுழியை நெருங்க வேண்டும். நெருங்குவது வெளிப்படை, 1/ந-ஐத் தாண்டாது. குறைகிறது என்பதைத்தான் காட்டித் தீர வேண்டும். பகுதிக்கு மடக்கை எடு, (1+1/ந) × மடக்கை ந. அதை வகையிட்டால் (ந+1−மடக்கை ந)/ந² வரும். மடக்கை ந எப்போதும் ந-ஐவிடச் சிறியது, ஆகவே அது மிகை, பகுதி ஏறிக்கொண்டே போகும், உறுப்பு இறங்கிக்கொண்டே வரும். சரிபார்க்க முதல் நாலு உறுப்பு: 1, 0.354, 0.231, 0.177. குவிகிறது, ஆனால் தனிக்குவிவு இல்லை, ஆகவே நிபந்தனையுடன்.

எப்சிலான் (10.52)
குறையும் என்பதைக் காட்டாமல் "குறி மாறுகிறது, சுழிக்குப் போகிறது, ஆகவே லீப்னிஸ்" என்று எழுதும் கூட்டம்தான் அதிகம். அப்படி எழுதுபவர்கள் (−1)^ந/(√ந+(−1)^ந) தொடரை ந=2-இலிருந்து போட்டுப் பார்க்கட்டும். குறியும் மாறுகிறது, சுழிக்கும் போகிறது, ஆனால் விரிகிறது. விகிதமுறு பகுதியாக்கினால் உள்ளே ஒளிந்திருக்கும் 1/(ந−1) வெளியே வரும்.

ஆத்தங்குடி_டீச்சர் (10.55)
இந்த ஒன்றை முதலிலேயே இந்தப் பதத்தில் சொல்லியிருக்கலாம் நீங்கள். நல்ல உதாரணம்.

கடைசிபெஞ்ச் (11.03)
எழுதிவிட்டேன் டீச்சர், புரிந்தது. எல்லோருக்கும் நன்றி. தேவகோட்டையிலிருந்து ஆறு மணி பஸ், போகிறேன்.

பெட்டியடி (11.10)
செக்காலைத் தம்பி, லட்சத்துக்கு ஒரு ரூபாய் விடும் என்றீர்களே, 98 பைசாவுக்குக் கீழேதான் வருகிறது. சொல்வதைச் சரியாகச் சொல்ல வேண்டும்.